நகர்வு லிமிடெட்

நீதிமன்றத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் எண்ணினார், ஒருவர் எழுதினார், மூன்றாமவர் வாசலிலேயே நின்றுகொண்டார். எண்ணுகிறவர் மரியாதையான மனிதர். “கொஞ்சம் எழுந்திரிங்கம்மா, அந்த நாற்காலியையும் சேர்க்கணும்” என்றார். அந்த வீட்டுப் பெண் எழுந்து, மடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயது மகளைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு சுவரோரமாக நின்றார். நாற்காலி நான்கு. மேசை ஒன்று. தையல் இயந்திரம் ஒன்று. சுவர்க் கடிகாரம் ஒன்று.

“ஓடலைன்னு எழுதணுமா சார்?” என்று எழுதுகிறவர் கேட்டார்.

“எழுது. விலை குறையும்.”

அப்போது அந்தப் பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது. டர்னரம்மா என்று பிற்பாடு ஊரே கூப்பிட்ட பெயர் அன்று இல்லை. தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு பட்டறையின் இரண்டு கூட்டாளிகளில் ஒருவருடைய மனைவி, அவ்வளவுதான். மற்றக் கூட்டாளி கணவரின் பள்ளித் தோழர். விலை ஏறப்போகிறது என்று யாரோ சொன்னதை நம்பி, இரண்டு வருடத்துக்கு வேண்டிய வார்ப்பிரும்பை ஒரே கையெழுத்தில் வாங்கிப் போட்டவர். விலை இறங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிடப் போகிறேன் என்று கிளம்பிய தோழர் வேறு நாட்டிலிருந்துதான் கடிதம் போட்டார்.

கூட்டு வியாபாரத்தில் ஒருவர் போடும் கையெழுத்து இன்னொருவர் தலையிலும் விழும் என்பது அந்தப் பெண்ணுக்கு அன்றுதான் தெரிந்தது. பட்டறையின் கடன் பட்டறையோடு நிற்கவில்லை. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் சட்டத்தின் கண்ணில் ஒரு சுவரும் இல்லை. பட்டறையை விற்றார்கள், போதவில்லை. வீட்டை விற்றார்கள், அதன் பிறகும் கொஞ்சம் பாக்கி நின்றது.

கணவர் யாரையும் திட்டவில்லை. குடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எதிலும் கையெழுத்துப் போடுவதை விட்டுவிட்டார். ஒரு துணிக்கடையில் அளந்து வெட்டும் வேலை கிடைத்தது. மாதக் கடைசியில் சம்பளப் புத்தகம் வரும்போது கட்டைவிரலை நீட்டுவார். பட்டம் வாங்கிய மனிதர் கைநாட்டு வைப்பதைக் கடைக்காரர் முதலில் கிண்டல் செய்தார், பிறகு மை டப்பா ஒன்றை அவருக்கென்றே வாங்கி வைத்தார். வீட்டுக்கு வரும் தபால், மகளின் மதிப்பெண் அட்டை, எல்லாவற்றிலும் மனைவிதான் போட வேண்டும். “எனக்கு ராசியில்லாத கையெழுத்து. நீயே போட்டுடு” என்பார்.

ஒரு சம்பளம் எந்த மூலைக்கு? சைக்கிள் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மனைவி சேர்ந்தார். லேத் என்கிற கடைசல் இயந்திரத்தின் அடியில் விழும் இரும்புச் சுருள்களை அள்ளுவதுதான் முக்கிய வேலை. அள்ளி அள்ளியே அவருக்குச் சுருளின் பாஷை பிடிபட்டது. நீலம் பாய்ந்து வந்தால் உளி சூடேறுகிறது. பொடிப்பொடியாக வந்தால் இரும்பில் கோளாறு. நீளமாக, வெள்ளி ரிப்பன் மாதிரி வந்தால் இயந்திரத்தில் நிற்கிறவர் கைகாரர்.

இரண்டாம் வருடம் கடைசல்காரருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. ஆள் இல்லை. “நான் பண்ணிப் பார்க்கட்டுமா சார்?” என்று கையில் துடைப்பத்தோடு கேட்டார். மேற்பார்வையாளர் சிரித்தார். ஆனால் அவசர ஆர்டர், வேறு வழியில்லை. மாலைக்குள் நாற்பது அச்சுகள். மேற்பார்வையாளர் அளவுக் கருவியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, நாற்பதாவதைக் கையில் வைத்துக்கொண்டு, “துடைப்பத்த வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க” என்றார். கடைசல்காரரை டர்னர் என்பார்கள்; அவர் டர்னரம்மா ஆனது அன்றுதான்.

பதினான்கு வருடம் அங்கே கழிந்தது. இரண்டு அறை கொண்ட ஒரு சிறிய வீட்டை வாங்கும் அளவுக்குச் சேர்ந்தது. பிறகு முதலாளி காலமானார். மகன்களுக்குத் தொழிலில் நாட்டமில்லை. தொழிலாளர்களுக்குத் தர வேண்டிய ஈட்டுத்தொகைக்குப் பதிலாகப் பழைய இயந்திரங்களை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பெரும்பாலோர் பணத்தையே வாங்கிக்கொண்டு போனார்கள். டர்னரம்மாவையும் சேர்த்து ஐந்து பேர் இயந்திரங்களைக் கேட்டார்கள்.

யோசனை வெல்டர் அண்ணனுடையது. அந்த ஐவரில் மூத்தவர் அவர்தான். குடலிறக்க அறுவைக்காக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நடைபாதைக் கோடியில் பதினொரு சக்கர நாற்காலிகள் குவிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார். “எல்லாத்துலயும் போனது சக்கரத்தோட நடுவுல இருக்கிற குடம் மட்டும்தான் தங்கச்சி. மத்தபடி கல்லு மாதிரி இருக்கு. குடம் கடையறதுல உன்ன மிஞ்ச ஆள் இருக்கா?”

“ரிப்பேர் மட்டும் பண்ணலாமாண்ணே, புதுசாவே செய்யலாமா?”

“செஞ்சா என்ன? குழாய வளைக்க நான் இருக்கேன்.”

டர்னரம்மாவுக்கு ஆசைதான். ஆனால் ஐந்து பேர் கூட்டு என்றதுமே பழைய பட்டறை ஞாபகம் வந்தது. அன்று மாலையே இருவரும் ஓர் ஆடிட்டரைத் தேடிப் போனார்கள். மருந்துக்கடைக்கு மேலே, ஒரே ஒரு மேசை போட்ட அறை. ஆடிட்டருக்கு முப்பதுகூட இருக்காது. எட்டு மாத வயிற்றோடு, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “மன்னிச்சுக்கங்க, கால் வீங்குது” என்றாள். “கூட்டு வியாபாரம் வேண்டாம்க்கா. லிமிடெட் கம்பெனியா பதிவு பண்ணிடலாம்.”

வெல்டர் அண்ணன் சந்தேகமாகப் பார்த்தார். “லிமிடெட்னா? லிமிட்டாத்தான் சம்பாதிக்கணுமா?”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சம்பாதிக்கிறதுக்கு லிமிட் இல்லண்ணா, இழக்கிறதுக்குத்தான். நீங்க போட்ட பங்குப் பணம் போனா போகும். அதுக்கு மேல உங்க வீட்டு வாசல்ல யாரும் வந்து நிக்க முடியாது. கம்பெனிங்கிறது சட்டத்துக்கு ஒரு தனி ஆள். கடன் வாங்கினா அதுதான் வாங்குது, நீங்க இல்ல.”

“இப்படி ஒரு வசதிய யாரும்மா குடுத்தா?” என்று டர்னரம்மா கேட்டார்.

ஆடிட்டர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போலக் காலைக் கீழே இறக்கினாள். “கப்பல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அந்தக் காலத்துல ஒருத்தர் கப்பல்ல போவார், இன்னொருத்தர் கரையில இருந்து பணம் போடுவார். கப்பல் மூழ்கினா கரையில இருக்கறவருக்குப் போட்ட பணத்தோட நஷ்டம் முடிஞ்சிடும். அப்புறம் பெரிய பெரிய கம்பெனிங்க வந்துச்சு. ஆனா அதுக்கெல்லாம் ராஜாவோட பட்டயம் வேணும். ராஜாவுக்கு வேண்டியவங்களுக்குத்தான் கிடைக்கும். சாதாரண ஜனங்க சேர்ந்து தொழில் பண்ணா, விழுந்தா எல்லாம் போச்சு. ஒரு வங்கியில ஒண்ணு ரெண்டு பங்கு மட்டும் வச்சிருந்தவங்க, அந்த வங்கி மூழ்கினப்ப வீடு வாசலோட தெருவுக்கு வந்திருக்காங்க.”

டர்னரம்மா தன் நாற்காலியை மேசைக்கு இன்னும் அருகில் இழுத்துக்கொண்டார்.

“பேரப் பதிவு பண்ணா போதும், யாருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டுன்னு சட்டம் வந்து ஒரு நூத்தி எழுபது வருஷம்தான் ஆகுது. அப்பவும் பயங்கரச் சண்டை. இது ஏமாத்துறவங்களுக்குக் குடுக்கிற லைசென்ஸ்னு பத்திரிகைல எல்லாம் எழுதினாங்க. அதனால ஒரு நிபந்தனை போட்டாங்க. பேருக்குப் பின்னாடி லிமிடெட்னு போட்டே ஆகணும். கடன் குடுக்கிறவன் தெரிஞ்சு குடுக்கட்டும்னு.”

“அப்போ அது பட்டம் இல்ல” என்றார் டர்னரம்மா. “எச்சரிக்கைப் பலகை.”

“அப்படியும் சொல்லலாம்.”

“சரி, கம்பெனி விழுந்தா மீதிக் கடன யாரு சுமப்பாங்க?”

“குடுத்தவங்கதான்க்கா.”

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பதிவுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று பெயர்கள் ஏற்கெனவே யாரோ வைத்துவிட்டார்கள் என்று பதிவு அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தன. நாலாவதாகக் கொடுத்த ‘நகர்வு’ தேறியது. பெயிண்டர் பலகை எழுதும்போது நகர்வு என்பதைப் பெரிதாகவும் லிமிடெட்டை எறும்பு ஊர்கிற மாதிரியும் எழுதினார். டர்னரம்மா அதை அழிக்கச் சொல்லி இரண்டையும் ஒரே அளவில் எழுத வைத்தார். அந்தப் பெயிண்டரும் ஐவரில் ஒருவர். முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

குழாய், ரெக்சின், டயர் வாங்கப் பணம் வேண்டும். வங்கி மேலாளர் திட்டத்தைப் படித்தார், தலையாட்டினார், கடைசியில் ஒரு தாளை நகர்த்தினார்.

“இது உங்க சொந்த ஜாமீன் மேடம். கம்பெனி கட்டலைன்னா உங்க வீட்டு மேல எங்களுக்கு உரிமை. எல்லாரும் போடுறதுதான், சும்மா ஒரு சம்பிரதாயம்.”

டர்னரம்மா தாளைத் திருப்பி நகர்த்தினார். “ஒரு தடவை என் வீட்டுல வந்து நாற்காலிய எண்ணினாங்க சார். அவங்க சும்மா எண்ணல.”

“அப்போ கடன் கஷ்டம்.”

“கஷ்டம்னே எழுதிக்கங்க.”

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது வெல்டர் அண்ணனுக்கு முகமே சரியில்லை. “ஒரு கையெழுத்துல முடிஞ்சிருக்கும்” என்றார். “அதான்ணே பயம்” என்றார் டர்னரம்மா. கடனாக வேண்டாம், பங்காகக் கேட்போம் என்ற எண்ணம் அந்த நிறுத்தத்தில்தான் வந்தது. கடன் கொடுத்தவர் திருப்பிக் கேட்பார். பங்கு வாங்கியவர் நம்மோடு உட்காருவார். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தருபவர், பழைய தொழிற்சாலைக்காரர்கள் சிலர், மகளின் டீச்சர் என்று ஆறு வாரத்தில் ஐவரையும் சேர்த்து முப்பது பேர் தேறினார்கள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஒருவர், இருபது வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர், முதல் மாதிரியில் உட்கார்ந்து பட்டறையைச் சுற்றி வந்து, “பிரேக் என் கட்டைவிரலோட சண்டை போடுது. அத மாத்தினா பத்துப் பங்கு எடுத்துக்கறேன்” என்றார். மாற்றினார்கள். எடுத்துக்கொண்டார்.

முப்பத்தொன்றாவது விண்ணப்பம் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. கணவர் ஒரு பங்குக்கு உண்டான பணத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். பாரத்தை இரண்டு தடவை படித்தார். “இதுல எவ்வளவு போகும்?” என்றார்.

“போனா இந்த ஒரு பங்குதாங்க. வேற எதுவும் போகாது.”

“சட்டப்படி?”

“சட்டப்படி.”

பேனாவை வாங்கி, பக்கத்துத் தாளில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, பாரத்தில் கையெழுத்திட்டார். பதினேழு வருடத்துக்கு முன்பிருந்த அதே கையெழுத்து, கடைசிக் கோடு மட்டும் கொஞ்சம் சரிந்திருந்தது. டர்னரம்மா அடுப்படிக்குப் போய்த் தேவையில்லாமல் ஒரு பாத்திரத்தைக் கழுவினார்.

மூன்று வருடம் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக் குழுமம் இருநூறு நாற்காலி கேட்டது. இரவு பகல் பார்க்காமல் செய்து அனுப்பினார்கள். பணம் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போய், ஒரு காலை குழுமமே திவால் என்று செய்தி வந்தது. டர்னரம்மா ஆடிட்டரிடம் ஓடினார். ஆடிட்டரின் மகள் மேசைக்கு அடியில் கால்குலேட்டரைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

“அந்த முதலாளிக்கு மலை மேல ஒரு பங்களாவே இருக்காமே. அதுலேர்ந்து குடுக்க மாட்டாரா?”

“தர வேண்டியதில்லக்கா. அவங்களும் லிமிடெட்.”

டர்னரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆடிட்டர் தயங்கித்தான் அடுத்ததைச் சொன்னாள். நகர்வும் அதே வழியில் மூடிவிடலாம். ஐவருக்கும் ஆபத்தில்லை. பங்குதாரர்களுக்குப் போட்டது போகும். டயரும் சக்கரமும் கொடுத்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிது.

சக்கரக்காரருக்குத் தனிக்கடை. கம்பெனியும் இல்லை, கூட்டாளியும் இல்லை. டர்னரம்மா நேரே அங்கே போனார். டயர்கள் கொத்துக்கொத்தாகக் கூரையிலிருந்து தொங்கின. பின்னாலேயே வீடு. அவருடைய மனைவி வாசலில் உட்கார்ந்து ஏதோ தைத்துக்கொண்டிருந்தவர், எழுந்து தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இவருக்குப் போட்டார். டர்னரம்மா உட்காரவில்லை.

விஷயத்தை மறைக்காமல் சொன்னார். சக்கரக்காரர் கேட்டுக்கொண்டே ஒரு டியூபில் காற்றுப் போகிறதா என்று தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க மேல எனக்குக் கோபம் இல்லம்மா. நீங்க நல்லவங்க. ஆனா நான் சரக்குக் குடுத்தது உங்களுக்குன்னு நினைச்சேன். கம்பெனிக்குக் குடுத்திருக்கேன். அந்த ஆள எனக்குத் தெரியாது.”

“மூடினா உங்களுக்கு என்ன ஆகும்?”

“நான் வாங்கின எடத்துல என் பேர்ல வாங்கியிருக்கேன். இந்த வீட்டுக் கதவத் தட்டுவாங்க.”

திரும்பும் வழியெல்லாம் டர்னரம்மா அந்தக் கதவைப் பற்றியே நினைத்தார். சட்டம் தன் வீட்டுக்கு எழுப்பிக் கொடுத்த சுவரின் மறுபக்கத்தில் இந்த மனிதர் நிற்கிறார். தன் வீட்டை விற்றுக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கணவரிடம் சொன்னபோது அவர் வேண்டாம் என்று கத்தவில்லை. “குடுத்தா அவர் வீடு நிக்கும், நம்ம வீடு போகும். கணக்கு ஒண்ணுதானே. ரெண்டும் நிக்கிற மாதிரி ஏதாவது இருக்கான்னு பாரு” என்றார்.

இருந்தது. குழுமத்தின் சொத்துகளை ஏலம் விட ஒரு அதிகாரியை நியமித்திருந்தார்கள். டர்னரம்மா அவர்களுடைய கிடங்குக்குப் போய்ப் பார்த்தார். இருநூறில் நூற்றுநாற்பது நாற்காலிகள் கட்டுப் பிரிக்காமலே அடுக்கியிருந்தன. அவற்றை ஏலத்தில் எடுக்க ஆளில்லை. சொன்ன விலை, செய்த செலவில் கால்வாசி. ஆஸ்பத்திரிகளுக்கு விற்க இப்போது வழியில்லை. ஆனால் டிக்கெட் கொடுக்கிறவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது: கால் முறிந்தவருக்கு ஆறு வாரத்துக்குத்தான் நாற்காலி வேண்டும், அதற்காக யார் முழு விலை கொடுப்பார்கள்?

பங்குதாரர்களைப் பட்டறையில் கூட்டினார். ஸ்டூல் போதாமல் பாதிப் பேர் விற்காத சக்கர நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

“நீங்க இன்னும் பணம் போட்டே ஆகணும்னு சட்டம் சொல்லல. போட வேண்டாம்னா தாராளமா எழுந்து போகலாம். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். போடுறவங்க போட்டா, நம்ம நாற்காலிய நாமளே வாங்கி வாடகைக்கு விடலாம்.”

பன்னிரண்டு பேர் எழுந்து போனார்கள். அவர்களில் பெயிண்டரும் ஒருவர். மகளுக்குக் கல்யாணம், பாவம். டர்னரம்மா வாசல்வரை போய் அவரை வழியனுப்பினார். பத்தொன்பது பேர் இருந்தார்கள். கணவர் இரண்டாவது பங்குக்குக் கையெழுத்திட்டார், இந்தத் தடவை வெள்ளோட்டம் பார்க்காமல்.

சக்கரக்காரரிடம் ஆடிட்டரையும் கூட்டிக்கொண்டு போனார். கடனில் பாதியைப் பங்காக மாற்றிக்கொள்ளட்டும், மீதி இரண்டு வருடத் தவணை. அவருக்கு இயக்குநர் குழுவில் ஒரு இடம்.

“அந்த ஆளத் தெரியாதுன்னு சொன்னீங்களே” என்றார் டர்னரம்மா. “உள்ள வந்து பார்த்துக்கங்க.”

சக்கரக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி, “தவணை தப்பினா?” என்று நேராகக் கேட்டார்.

“தப்பினா என்ன கேள்வி கேக்கணுமோ, உங்க வீட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்து கேக்கலாம்.”

சக்கரக்காரர் கேட்டார். கொஞ்ச நஞ்சமல்ல. ஏன் ஒரு குடத்துக்கு இரண்டு பேரிங், ஏன் வாடகை நாற்காலி அழுக்காகத் திரும்புகிறது, ஏன் வெல்டர் அண்ணன் புகைக்குழாய்க்கு அடியிலேயே சாப்பிடுகிறார், எல்லாம் கேட்டார். முதல் வருடம் டர்னரம்மாவுக்கு அவர் முகத்தைப் பார்த்தாலே தலைவலி வரும். ஆனால் தவணை தப்பவில்லை. நூற்றுநாற்பது நாற்காலிகளும் வீடு வீடாகப் போய் வந்தன. இடுப்பு ஒடிந்த வாத்தியார், பிரசவத்துக்குப் பின் எழ முடியாத ஒரு பெண், கால்பந்தாட்டத்தில் முழங்கால் போன இரட்டையர் என்று ஆள் மாறி ஆள் உட்கார்ந்தார்கள். இரட்டையர் மட்டும் ஒன்றை வைத்துப் பந்தயம் விட்டு உடைத்துக் கொண்டுவந்தார்கள்.

இரண்டாம் வருட முடிவில் சக்கரக்காரர் தன் கடையையும் லிமிடெட்டாகப் பதிவு செய்தார். பாரம் நிரப்ப டர்னரம்மாவே கூட வந்தார். வெல்டர் அண்ணன் ஓய்வுபெற்றபோது அவருடைய பங்குகளை மருமகள் வாங்கிக்கொண்டாள். அவளும் வெல்டிங் படித்தவள். ஆள் மாறியதற்காகக் கம்பெனி ஒரு நாள்கூட நிற்கவில்லை.

டர்னரம்மாவுக்கு இப்போது ஐம்பத்தைந்து. போன வருடப் பொதுக்கூட்டத்தில் புதுக் கடைசல் இயந்திரம் ஒன்று வாங்க வேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரில் ஓடும் இயந்திரம். படங்களை வெட்டி ஒட்டி ஒரு அட்டைகூடச் செய்து வந்திருந்தார். சக்கரக்காரர் எழுந்து, இயந்திரம் இன்னும் இரண்டு வருடம் பொறுக்கும், முதலில் பக்கத்து ஊர்களுக்கு நாற்காலி கொண்டுபோக ஒரு வேன் வேண்டும் என்றார். வாக்கெடுப்பு நடந்தது. கணவரும் வேனுக்குக் கை தூக்கினார். டர்னரம்மா தோற்றார்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் டர்னரம்மா கணவரிடம் டிக்கெட்டை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாவது நிறுத்தத்தில், “நீங்களுமா?” என்றார்.

“ரெண்டு பங்கு வச்சிருக்கேன். யோசிச்சுத்தானே கை தூக்கணும்” என்றார் கணவர்.

இந்த வருடக் கூட்டத்துக்குள் வேன் இரண்டாகிவிட்டது. எந்த ஊரிலும் ஒரு நாற்காலிகூடச் சும்மா நிற்கவில்லை. புது இயந்திரத்துக்கான பணமும் அந்த ஓட்டத்திலேயே சேர்ந்துவிட்டது. டர்னரம்மா எழுந்து, போன வருடம் சக்கரக்காரர் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு ஆடிட்டர் பக்கம் குனிந்து, இதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டார்.

ஆடிட்டர் எழுதிவிட்டாள்.